வைரக்கட்டையில் உயிர்மரம்: வன்னிக்கு ஏற்ற போன்சாய்ச் சோடி எது?

போன்சாய் வளர்ப்பவர்களிடையே ஓயாமல் வாதம் கிளப்புகிற வேலை ஒன்று உண்டு. பட்டுப்போன பழங்கட்டை ஒன்றில் நீளவாக்கில் தவாளிப்பு வெட்டி, இளங்கன்றின் தண்டை அதற்குள் பதித்து இறுகக் கட்டிவிடுவார்கள். சில வருடங்களில் கன்று பருத்துத் தவாளிப்பை நிரப்பிக்கொள்ளும். இடி விழுந்தோ வறட்சியில் காய்ந்தோ பாதி செத்து, மீதி உயிரோடு காலம் தள்ளும் கிழமரம் போல அது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். ஜப்பானியர் இதைத் தனுக்கி என்பார்கள். மேற்கு நாடுகளில் ஃபீனிக்ஸ் ஒட்டு என்ற பெயரும் வழங்குகிறது.

இதைப் பற்றி உலகில் எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு குளிர்நாட்டு ஊசியிலை மரங்களை வைத்து எழுதப்பட்டது. இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டம், துணுக்காய்ப் பிரதேசத்து மல்லாவியில் வீட்டு முற்றத்தில் சட்டி வைத்து மரம் வளர்க்கும் ஒருவருக்கு அதில் பாதிகூட உதவாது. அவரிடம் ஜூனிப்பர் கன்று இல்லை. ஆனால் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு சுற்றிவர இருக்கிறது. செத்த பிறகும் எந்த மரம் நிற்கும், எது ஒரு மாரியில் இற்றுப்போகும் என்று தட்டிப் பார்த்தே சொல்லக்கூடிய தச்சர்களும் ஊரில் இருக்கிறார்கள். எனவே எந்தச் செத்த கட்டை, அதன் மேல் எந்த உயிர்மரம் என்ற கேள்வியை இந்த மண்ணில் நின்று கேட்டுப் பார்க்கிறது இக்கட்டுரை.

ஷிம்பாக்குவின் வழி

ஜப்பானியப் போன்சாயில் செத்த மரப்பகுதிக்குத் தனி மதிப்பு உண்டு. பட்டை உரிந்து வெளுத்த கிளை முனை ஜின் எனப்படும். தண்டில் பட்டையின்றி நீண்டு ஓடும் செத்த பரப்பு ஷாரி எனப்படும். இந்த அழகுக்கு முன்மாதிரி ஷிம்பாக்கு என்ற ஜூனிப்பர் வகை. ஷிகோக்குத் தீவின் இஷிசூச்சி மலையிலும், நீகாத்தா மாநிலத்து இத்தோயிகாவாப் பகுதியின் செங்குத்துப் பாறைகளிலும் காற்றும் பனியும் முறுக்கிய ஷிம்பாக்குகள் வளர்ந்தன. தண்டில் பெரும்பகுதி செத்து வெளுத்திருக்க, பட்டையுள்ள ஒரு கீற்று மட்டும் வேரிலிருந்து இலைவரை உயிரைக் கொண்டுபோகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கயிற்றில் தொங்கி அவற்றைப் பெயர்த்து விற்பதையே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். நல்ல மரங்கள் மலையிலிருந்து இறங்கி முடிந்தன. தேடிக் கிடைக்காததைச் செய்துகொள்ளும் ஆசை வருவது இயல்புதான்.

1934இல் டோக்கியோவின் உவேனோவில் தொடங்கிய கொக்குஃபு கண்காட்சி இன்றும் அந்தக் கலையின் உயர்ந்த மேடை. அத்தகைய மேடைகளை மனதில் வைத்து வளர்க்கும் மரபுவழிக் கலைஞர்களிடையே தனுக்கிக்கு மரியாதை குறைவு. அவர்கள் சொல்லும் குறை இரண்டு. இளங்கன்றைக் கிழமரமாகக் காட்டுவது பொய் என்பது ஒன்று. காலப்போக்கில் கட்டையும் கன்றும் பிரிந்து, இடைவெளி தெரிந்து, வேலை அம்பலமாகிவிடும் என்பது மற்றது. முதலாவதை ஒழுக்கப் பிரச்சினையாகவும் இரண்டாவதைக் கைத்திறன் பிரச்சினையாகவும் பார்ப்பதே வழக்கம். என் வாதம் வேறு. இரண்டுமே அடிப்படையில் மரத் தெரிவுப் பிரச்சினைகள். சரியான சோடியைப் பிடித்துவிட்டால் இரண்டாவது குறை பெருமளவு தீரும், முதலாவது எழவே எழாது.

இரண்டு வேகங்கள்

ஒட்டு மாங்கன்று செய்யத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையின் பலவீனம் உடனே விளங்கும். ஒட்டுக்கட்டையின் மாறிழையமும் (பட்டைக்கு அடியில் புதுத் திசு உண்டாக்கும் மெல்லிய படை) ஒட்டுமுளையின் மாறிழையமும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும், நெருங்கிய உறவாகவும் இருக்க வேண்டும். வன்னிக்காரருக்கு நன்கு தெரிந்த பாலையே இதற்கு உதாரணம். சப்போட்டாவுக்கு மிகச் சிறந்த ஒட்டுக்கட்டையாக இந்தியத் தோட்டக்கலையாளர் கொள்வது பாலைக் கன்றைத்தான். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம் என்பதால் திசு திசுவோடு சேர்ந்துகொள்கிறது.

செத்த கட்டையில் மாறிழையம் இல்லை. எவ்வளவு இறுகக் கட்டினாலும் கன்று அதனோடு ஒருபோதும் இணையாது. நடப்பதெல்லாம் நெருக்கம் மட்டுமே. கன்று வருடாவருடம் புதுமரம் வைத்துப் பருக்கிறது. தவாளிப்பின் சுவர் அதைத் தடுக்கிறது. தடுத்த இடத்தில் தண்டு தட்டையாகி, விளிம்பைத் தாண்டிப் பிதுங்கி, கட்டையைப் பற்றிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

இதிலிருந்து தெரிவுக்கான முதல் விதி கிடைக்கிறது. ஒரு பக்கம் கட்டை இற்றுப்போகும் வேகம், மறுபக்கம் கன்று பருக்கும் வேகம். முதலாவது மிக மெதுவாகவும் இரண்டாவது போதிய விரைவாகவும் இருந்தால் சோடி நிலைக்கும். கன்று பருத்துப் பிடிப்பதற்குள் தவாளிப்பின் விளிம்பு மாவாக உதிர்ந்துவிட்டால் பிடிக்க எதுவும் மிஞ்சாது. ஜூனிப்பர் மெதுவாகத்தான் பருக்கும். ஆனால் ஜூனிப்பர்க் கட்டை பிசின் ஏறியது, குளிர்நாட்டில் பல பத்தாண்டு தாங்கும். அங்கே கணக்கு சரியாக வருகிறது. இங்கே அதே கணக்கைப் போட முடியாது.

மல்லாவியின் வெயிலும் மாரியும்

இலங்கையில் வருடத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதியை உலர் வலயம் என்கிறோம். வன்னி முழுவதும் அதற்குள் அடங்கும். அந்த மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலான மாரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையை ஒட்டி ஒரு சிறு மழை வரும். அதன்பின் ஆவணி, புரட்டாசி வரை சோழகக் காற்றும் காய்ச்சலும்தான்.

செத்த கட்டைக்கு இந்தக் காலநிலை இருமுனைக் கத்தி. நீண்ட கோடையில் கட்டை உலர்ந்து கிடப்பதால் பூஞ்சணம் அண்டாது. ஆனால் மாரியில் மாதக்கணக்காக ஈரம் காயாது, சூடும் குறையாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் வைரமில்லாத மரம் ஓரிரு மாரியில் பஞ்சாகும். வருடம் முழுவதும் வேலை செய்யும் கறையான் மிச்சத்தை முடிக்கும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் கறையானைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை. வன்னியில் மரத்தைத் தெரிவுசெய்யும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

உயிர்மரத்துக்கும் இதே சோதனை உண்டு. ஷிம்பாக்கு, பைன் போன்றவற்றுக்கு வருடத்தில் ஒரு பகுதி குளிர்ந்த ஓய்வு வேண்டும். நுவரெலியாவில் முயன்று பார்க்கலாம். மல்லாவியில் அவை சில காலம் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுப் போய்ச் சேரும். ஆகவே ஊசியிலை மர ஆசையை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

முதலில் செத்தது

பலர் கன்றை வாங்கி வைத்துக்கொண்டு கட்டை தேடுகிறார்கள். கன்றை எந்த நாற்றுமேடையிலும் வாங்கலாம். நல்ல கட்டை அப்படி அகப்படாது. அதனால் கட்டையிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலிடம் பாலைக்கு. காய்ந்த பின்னும் தண்ணீரில் தாழும் அளவுக்குக் கனத்த மரம் இது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போனது. வெயிலிலும் மழையிலும் மண்ணோடு கிடந்தும் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். குளத்து அலைகரையில் பல வருடம் நீரில் நின்று வெளிப்பட்ட பாலைக் கட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிப்புற வெள்ளை முழுவதும் போயிருக்கும். எஞ்சிய வைரத்தில் நார் ஓடிய திசையெல்லாம் மெல்லிய வரிப்பள்ளங்கள் விழுந்து, நிறம் சாம்பலாகி, கிளை முறிந்த இடங்கள் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். விரல் நகம் இறங்காது. சுத்தியலால் தட்டினால் மொத்தென்ற ஓசை வராது, கணீரென்று கேட்கும். ஜப்பானில் உளியும் அரமும் பிடித்து மாதக்கணக்கில் செய்கிற வேலையைத் தண்ணீரே செய்து முடித்திருக்கும். எது இற்றுப்போகும், எது நிற்கும் என்ற பரீட்சையும் முடிந்திருக்கும். பாலையின் குறை, உளியை மழுக்கிவிடுவது. தவாளிப்பு வெட்டக் கிரைண்டர் இல்லாமல் ஆகாது.

அடுத்தது வீரை. உலர் வலயக் காட்டில் எங்கும் நிற்கிற மரம். அதன் நேரான தண்டைக் காண்பது அரிது. பள்ளமும் புடைப்புமாக மடிந்து, சில இடங்களில் துளையே விழுந்து நிற்கும். தச்சருக்கு அது குறை, போன்சாய்க்காரருக்கு அதுவே குணம். உரத்தில் பாலைக்கு ஒரு படி கீழே என்றாலும், வடிவத்துக்காக இதைத் தேடலாம்.

முதிரையின் பொன்னிற வைரம் அழகுதான். ஆனால் மர ஆலையில் அகப்படும் முதிரைத் துண்டுகள் பெரும்பாலும் நேர்நாராக, உருவமில்லாதவை. அடிவேர்க் குற்றி கிடைத்தால் மட்டும் பயன்படும். ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். முகமூடியும் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் கிரைண்டர் பிடிக்கக்கூடாது. கருங்காலி எவ்வளவு உறுதியானாலும் இந்த வேலைக்கு ஒத்துவராது. வெளுத்த செத்த மரத்தின் தோற்றத்தைக் கரிய வைரம் தராது. அத்தோடு இலங்கையில் சட்டக் கட்டுப்பாடு மிகுந்த மரம் அது.

தேக்கு பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வன்னியில் வனத் திணைக்களத்தின் தேக்கந்தோட்டங்கள் உண்டு, வளவுகளிலும் தேக்கு நிற்கிறது. தறித்த தேக்கின் அடிக்குற்றி வைரம் கறையானை நன்றாக எதிர்க்கும், செதுக்கவும் இலகு. பாலையோடு மல்லுக்கட்ட முடியாத புதியவருக்கு இதைச் சொல்வேன். பூவரசின் உள்வைரமும் பரவாயில்லை. வேம்பும் புளியும் முதிர்ந்த மரமாக இருந்தால் மட்டுமே வைரம் தரும். இளமரத்துக் கிளைகள் வெறும் வெள்ளை. மா, முருங்கை, முள்முருக்கு, தென்னை ஆகியவற்றை எண்ணவே வேண்டாம்.

பனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதிர்ந்த பனையின் வெளிச்சுற்று வைரம் கூரைச் சிலாகையாகத் தலைமுறைக் கணக்கில் தாங்குகிறது. உள்ளே இருக்கும் சோற்றி விரைவில் இற்று, மரம் குழாயாகிவிடும். முழுத்தண்டு சட்டிக்குள் அடங்காது. வடலியிலோ வைரம் ஏறியிருக்காது. எனவே பிளந்த வைரப் பலகையாகத்தான் பனையைப் பயன்படுத்த முடியும். ஆனால் கட்டையாகத் தருவதைவிட முன்மாதிரியாகப் பனை தருவது அதிகம். அதற்கு வருவோம்.

பிறகு உயிருள்ளது

உயிர்மரத்திடம் எதிர்பார்க்க வேண்டிய குணங்கள் ஐந்து. இளமையில் முறியாமல் வளைய வேண்டும். விரைவாகப் பருத்து விளிம்பை மூட வேண்டும். வேரை வெட்டினாலும் சட்டியில் பிழைக்க வேண்டும். இலை சிறுத்துப்போகத் தயாராக இருக்க வேண்டும். கட்டையோடு சேர்த்துப் பார்த்தால் கண்ணுக்கு உறுத்தக்கூடாது.

தென்கிழக்காசியாவின் வெப்ப நாடுகள் இந்தத் தேடலில் எங்களுக்கு முன்னே போய்விட்டன. அவர்கள் கையாளும் மரங்களில் சில எங்கள் வேலியோரத்தில் நிற்பவை. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் போன்சாய்க்காரர் விரும்பி வளர்க்கும் பிரெம்னா இனத்தின் உறவுதான், இலைக்கறிக்கு நாங்கள் பறிக்கும் முன்னை. வெட்டுக்காயத்தை விரைவாக மூடும் மரம் அது. வேரைக் குறைத்தாலும் தளராது. இலையும் நன்கு சிறுக்கும். தாய்லாந்தின் மரபான சட்டிமரக் கலைக்கு அடிப்படையான கோய் மரம், எங்கள் பராய். திருச்சிக்கு அருகே திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமும் இதுவே. சொரசொரத்த சிற்றிலை, வெளிர்ந்த பட்டை, எத்தனை முறை வெட்டினாலும் துளிர்க்கும் குணம் என்று எல்லாம் பொருந்துகின்றன. வெளிர்ந்த பட்டை, சாம்பல் நிறம் ஏறிய பாலைக் கட்டையோடு உறுத்தாமல் ஒன்றும்.

கடற்கரையோரம் காற்றுத் தடுப்பாக நடப்பட்ட சவுக்கு, ஊசியிலை மரத் தோற்றத்தை விட முடியாதவர்களுக்கு ஒரு சமாதானம். இந்தோனேசியாவில் இதை வைத்து ஷிம்பாக்குவுக்கு ஈடான மரங்களை உருவாக்கியிருக்கிறார்கள். வேகமாகப் பருக்கும், வளைக்கலாம். ஆனால் தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் நுனி காய்ந்துவிடும், காய்ந்த கிளை மீளாது. மல்லாவியின் சோழகக் காற்றில் காலையும் மாலையும் நீர் விடக்கூடியவர்களுக்கே இது.

குருந்து கடினமான மரம், சிறிய கரும்பச்சை இலை, மணமுள்ள பூ, முள். காட்சிக்கு உயர்ந்தது. ஆனால் மெதுவாக வளரும். தவாளிப்பை நிரப்பப் பத்து வருடம் பொறுக்க ஆயத்தமானவருக்கு, அதுவும் பாலைக் கட்டையில் மட்டும், பரிந்துரைக்கலாம். பாலைக் கட்டையில் பாலைக் கன்றையே பதித்தால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றலாம். பட்டையும் வைரமும் ஒரே சாதி என்பதால் தோற்றத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. வேகத்தில்தான் தோற்றுப்போகும். விதையிலிருந்து வரும் பாலைக் கன்று ஒட்டுக்கட்டையாகத் தடிக்கவே வருடங்கள் எடுப்பதால்தான் சப்போட்டா நாற்றுக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள்.

புளியும் வேம்பும் எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பதால் பலர் அவற்றில் தொடங்குகிறார்கள். புளி சட்டியில் நன்றாக வாழும், ஆனால் தண்டு சீக்கிரம் விறைத்துவிடும், வளைக்கும் பருவம் குறுகியது. வேம்பின் இலை சிறுக்காது. போகன்விலா வளையும், பூக்கும், பருக்கும். கட்டை தெரியாத அளவுக்குப் பூ மறைத்துவிடுவதால் இந்த வேலையின் பயனே போய்விடும்.

கடைசியாக ஆல் இனம். ஆல், அரசு, இத்தி, நாற்றுமேடைகளில் பைக்கஸ் என்று விற்கும் சிற்றிலை வகைகள் எல்லாம் இதில் அடங்கும். ஐந்து குணங்களில் நான்கை இவை தாராளமாகத் தருகின்றன. இளந்தண்டு நாணல்போல் வளையும். சூடு கூடக்கூட வேகமும் கூடும், இரண்டு மூன்று வருடத்தில் தவாளிப்பு நிரம்பும். வேரில் பாதியை வெட்டினாலும் பிழைக்கும். மற்ற மரங்களில் இந்த அளவுக்குக் காணாத ஒரு குணமும் உண்டு. ஆல் இனத்தில் ஒரு வேர் இன்னொரு வேரை உரசி நின்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். மெல்லிய கன்றுகள் நான்கைந்தைக் கட்டையின் மேல் வெவ்வேறு திசையில் ஓடவிட்டால், சில வருடத்தில் அவை பின்னி ஒரே மரமாகும். கட்டையோடு ஒட்டாவிட்டாலும் தன்னோடு தானே ஒட்டிக் கட்டையைச் சிறைப்பிடித்துவிடும். பிரிந்து இடைவெளி தெரியும் என்ற குறைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இலை அளவில் மட்டும் ஆலும் அரசும் பின்தங்கும். சிற்றிலை இத்தியில் அந்தக் குறையும் இல்லை.

பனையும் ஆலும் சொல்லித்தந்த பாடம்

ஆல் இனத்தின் மீது போன்சாய்க்காரர் வைக்கும் ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆலின் சொந்தக் கட்டை வைரமற்றது. செத்த கிளை சீக்கிரம் இற்று விழும். இயற்கையில் வெளுத்த செத்த தண்டோடு எந்த ஆலும் நிற்பதில்லை. ஆகவே ஆலையும் செத்த கட்டையையும் சேர்ப்பது இயற்கைக்கு மாறானது என்பார்கள்.

மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் போகும் வீதியிலோ, யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களிலோ கண்ணைத் திறந்துகொண்டு போனவர்கள் இந்த ஆட்சேபத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பனையின் கங்குமட்டை இடுக்கில் காகமோ மைனாவோ ஆலம்பழ விதையை எச்சத்தோடு இட்டுவிடுகிறது. இடுக்கில் தங்கிய குப்பையிலும் மழைநீரிலும் விதை முளைத்து, வேரைப் பனையின் உடல்வழியே நிலத்துக்கு இறக்குகிறது. நிலத்தைத் தொட்டதும் வேர் தடிக்கிறது, கிளைக்கிறது, ஒன்றோடொன்று ஒட்டி வலையாகிறது. பனைக்கு மாறிழையம் இல்லை. நீரும் உணவும் கொண்டுபோகும் குழாய்க்கட்டுகள் தண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அதனால் மற்ற மரங்களை நெரிப்பதுபோல ஆலால் பனையைச் சுற்றி இறுக்கிக் கொல்ல முடியாது. ஆலின் நிழல் ஓலையை மூடும்வரை இரண்டும் நெடுங்காலம் சேர்ந்தே நிற்கும். பனை செத்த பின்னும் அதன் கருத்த வைரம் ஆலின் பிடிக்குள் நின்றுகொண்டிருக்கும். போர் முடிந்து 2009க்குப் பிறகு மீளக்குடியமர்ந்தவர்கள், இடிந்த வீட்டுச் சுவர்களை அரசும் ஆலும் இதேபோல் கவ்வியிருந்ததைப் பார்த்தார்கள்.

ஆகவே எங்கள் மண்ணில் ஆல் இனம் இன்னொரு மரத்தின் உடலில் வாழ்வது அன்றாடக் காட்சி. பாலைக் கட்டையில் பதித்த இத்தி, அந்தக் கட்டையைத் தன் சொந்த உடல் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒன்றை மற்றது தழுவி நிற்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. ஜூனிப்பர்த் தனுக்கி தன் வயதைப் பற்றிப் பொய் சொல்கிறது என்ற குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது. மறைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ஏமாற்று ஏது? முன்னையும் பராயும் குருந்தும் நல்ல மரங்கள்தான், ஆனால் அவற்றைப் பதிக்கும்போது இளமரத்தைக் கிழமரமாகக் காட்டும் பழைய வழக்குக்குள் மறுபடி போய்விடுகிறோம்.

ஆலுக்கும் ஒரு விலை உண்டு. கவனிக்காமல் விட்டால் அது கட்டையை முழுவதும் மூடிவிடும். இரண்டோ மூன்றோ வேர்த்தண்டுகளை மட்டும் வைத்து, புதிதாக இறங்குவதை வருடம் ஒருமுறை நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூடிய வேருக்கு அடியில் ஈரம் தங்கிக் கட்டை இற்றுப்போவதையும் அதுதான் தடுக்கும்.

பருவமும் பதித்தலும்

கட்டை வேலைக்குக் கோடை, கன்று வேலைக்கு மாரி. இதுதான் வன்னிப் பருவக் கணக்கு. ஆடி, ஆவணியில் கட்டையைச் செதுக்கி, எஞ்சிய வெள்ளையைச் சுரண்டி, கடும் வெயிலில் சுண்ணாம்பு–கந்தகக் கரைசல் பூசிக் காயவிட வேண்டும். பூசும்போது மஞ்சளாக இருப்பது காய்ந்ததும் வெளுக்கும், பூஞ்சணத்தையும் தடுக்கும். நாற்றம் கடுமையானது, வீட்டுக்குள் செய்யக்கூடாது. கழிவு ஒயில் பூசுவது வேலிக்கட்டைக்குச் சரி, உயிருள்ள வேர் தொடும் கட்டைக்கு நஞ்சு. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குப் போன பழைய சிலிப்பர் கட்டைகள் சில வளவுகளில் இன்னும் கிடக்கலாம். அவற்றில் தார் வகை எண்ணெய் ஊறியிருந்தால் அவையும் வேண்டாம்.

ஐப்பசியின் முதல் மழையோடு கன்றைப் பதிக்கலாம். தவாளிப்பின் வாயைவிட உட்புறம் சற்று அகலமாக வெட்டுவது முக்கியம். கன்று உள்ளே பருத்த பின் வெளியே நழுவ முடியாது. பென்சில் தடிப்பும் இரண்டடி நீளமும் உள்ள தண்டு போதும். துருப்பிடிக்காத திருகாணிகளால் இரண்டு மூன்று இடத்தில் பிடித்து, சைக்கிள் ரியூப் பட்டியால் அடி முதல் நுனிவரை சுற்ற வேண்டும். இரும்பு ஆணி கறை விடும், தண்டையும் கெடுக்கும். கட்டையின் அடி மண்ணைத் தொடவே கூடாது. மண்மட்டத்துக்கு மேலே அதை ஒரு கல்லில் நிறுத்தி, வேரை மட்டும் கல்லைச் சுற்றி மண்ணுக்குள் இறக்க வேண்டும். செத்த கட்டை எப்போதும் மண்ணோடு சேரும் இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். கறையானுக்காகச் சட்டியை நீர்த்தட்டுக்குள் வைப்பவர்கள் தட்டில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே தேடுவது, எங்கே தேடக்கூடாது

1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் ஒதுக்குக் காட்டிலிருந்து மரப்பொருள் எதையும் அனுமதியின்றி எடுப்பதைத் தடுக்கிறது. பட்ட கட்டையும் அதில் அடங்கும். பனை தறிக்கவும் அனுமதி வேண்டும். முதிரை, கருங்காலித் துண்டுகளை வாகனத்தில் கொண்டுபோகும்போது அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். சட்டத்துக்கு வெளியேயும் ஒரு காரணம் உண்டு. பட்ட மரத்துப் பொந்துகளில் கிளியும் ஆந்தையும் முட்டையிடுகின்றன. நீர்க்காகங்கள் குளத்துக்குள் நிற்கும் பட்ட மரங்களில் தங்குகின்றன. சட்டிக்கு ஒரு கட்டை வேண்டுமென்று அவற்றின் வீட்டைப் பெயர்ப்பது நியாயமில்லை.

வன்னிக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத பகுதிக்குள் விறகுக்கும் போகக்கூடாது, கட்டைக்கும் போகக்கூடாது. பாதுகாப்பான வளவில் கிடைத்த கட்டைக்குள்ளும் சன்னமோ எறிகணைச் சிதறலோ புதைந்திருக்கலாம். மர ஆலைகளில் வாள் அலகு பல்லுடைக்கும் தொல்லை இதுதான். கிரைண்டர் பிடிக்கும் முன் கட்டை முழுவதும் பலமான காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். இரும்பு கடுகளவு இருந்தாலும் அந்த இடத்தில் வெட்டாதீர்கள். ஈயமும் செம்பும் காந்தத்துக்கு அகப்படாது என்பதால் கண்ணாடியும் முகத்தடுப்பும் எப்படியும் அணிய வேண்டும்.

நல்ல கட்டைகள் வேறு இடங்களில் கிடைக்கின்றன. மர ஆலையின் கழிவுக் குவியல், பழைய வீட்டுக் கூரை பிரிக்கும் இடம், உடைந்த வண்டி, கைவிட்ட உரல், தறித்த தேக்கின் அடிக்குற்றி, வேலியில் பட்டுப்போன பழங்கதியால் ஆகிய இவற்றில் தேடினால் ஒரு வருடத்துக்குள் நல்லதொரு கட்டை அகப்படும்.

முடிவு

குளிர்நாட்டு மரங்களின் அளவுகோல் வன்னிக்குப் பொருந்தாது. செத்த கட்டையின் ஆயுளை முதலில் உறுதிசெய்து, அதற்குள் பருத்து முடிக்கக்கூடிய உயிர்மரத்தைப் பிறகு தேட வேண்டும் என்பதே பொது விதி. அந்த விதிப்படி பாலைக் கட்டையில் சிற்றிலை இத்தி முதற்சோடி. புதியவருக்குத் தேக்கங்குற்றியில் இத்தி. கைபழகியவருக்கு வீரைக் கட்டையில் பராய் அல்லது முன்னை. பத்து வருடம் காத்திருக்கக்கூடியவருக்குப் பாலையில் குருந்து. மற்றவை ஆசைக்குச் செய்து பார்க்கலாம், நம்பிச் செய்ய முடியாது.

கண்காட்சிக்கு வைத்தாலும் நண்பருக்குக் கொடுத்தாலும் சட்டியின் அடியில் இரண்டு மரத்தின் பெயரையும் பதித்த வருடத்தையும் எழுதி வையுங்கள். மரத்தின் உண்மையான வயதைக் கேட்பவருக்குப் பதில் சொல்ல அதுவே போதும்.